நல்ல டெய்லர் நம் கம்பெனியிலேயே இருக்க: பனியன் தொழிலில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

திருப்பூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ‘டெய்லர்கள் தேவை’ என்ற பலகை கண்ணில் படும். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று மிஷின் வாரியாக எழுதி, கீழே போன் நம்பர் போட்டிருப்பார்கள். உங்கள் லைனில் (தையல் மிஷின் வரிசையில்) இருக்கும் நல்ல டெய்லர் தினமும் காலையில் அப்படிப் பத்துப் பலகைகளைத் தாண்டித்தான் உங்களிடம் வருகிறார். நாளைக்கும் அவர் வர வேண்டுமானால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆனவர், புரொடக்‌ஷன் மேனேஜராகச் சேர்ந்தவர், படித்து முடித்து அப்பாவின் யூனிட்டைப் பார்க்க வந்தவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

ஒருவர் நின்றுவிட்டால் ஆபீஸில் எல்லோரும் சொல்லும் காரணம், “பக்கத்துக் கம்பெனியில் அஞ்சு பைசா கூடக் கொடுக்கறாங்க சார்” என்பதுதான். அது பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் கடைசிக் காரணம். அதற்கு முன்பே வேலை வராமல் சும்மா உட்கார்ந்த மணி நேரங்களும், ஒரு ஸ்டைல் (ஒரே மாடல் ஆர்டர்) பாதியில் ஓடும்போது குறைத்த ரேட்டும், சனிக்கிழமைக் கணக்கில் விட்டுப்போன பண்டலும் (வெட்டிய துண்டுகளின் கட்டு) அவர் மனதில் சேர்ந்திருக்கும். பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று தைப்பவருக்கு நேரம்தான் சம்பளம். அந்த நேரத்தை வீணாக்காத கம்பெனியில்தான் நல்ல கை தங்கும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

முதல் இரண்டு வாரம்: யார் நல்ல கை என்று பாருங்கள்

வந்தவுடன் லைனை மாற்றாதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மிஷினாக நின்று பாருங்கள். அதிக பீஸ் தைப்பவர்தான் நல்ல டெய்லர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். செக்கிங் டேபிளில் இருந்து யாருடைய பீஸ் குறைவாகத் திரும்பி வருகிறது? நூல் டென்ஷன் சரியில்லை என்றால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்காமல் தானே சரிசெய்துகொள்பவர் யார்? புது ஸ்டைல் வந்தால் மற்றவர்கள் யார் பக்கம் திரும்பிச் சந்தேகம் கேட்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் உங்கள் லைனைத் தாங்கிப் பிடிப்பவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். பலமுறை அது சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்து தைக்கும் ஒரு அக்காவாக இருக்கும்.

அவர் போனால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லைனில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருக்கிறார், ஷிப்டுக்கு 500 பீஸ் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் இடத்துக்கு வந்த புதியவர் 300 பீஸ்தான் தைக்க முடிந்தால், அன்றைக்கு அந்த லைனில் இருந்து வெளியே வருவது 300 பீஸ்தான். மீதி மிஷின்கள் எல்லாம் காத்திருக்கும். ஒருவர் நின்றதால் நஷ்டப்படுவது அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எல்லோரும்.

வேலை தயாராக இருக்க வேண்டும்

என்னைக் கேட்டால் இதுதான் முதல் மரியாதை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஒரு உதாரணக் கணக்கு. டீ-சர்ட்டில் பாக்கெட் வைக்கும் வேலை, சிங்கர் மிஷின். ஒரு பீஸுக்கு 45 நொடி ஆகிறது. 8 மணி நேர ஷிப்டில் 480 நிமிடம், நிற்காமல் தைத்தால் 640 பீஸ் வரும். மனிதர் நிற்காமல் தைக்க முடியாது. பாபின் மாற்ற வேண்டும், பண்டல் கட்டை அவிழ்க்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், டாய்லெட் போக வேண்டும். அதற்கெல்லாம் சேர்த்து 80 சதவீதம் என்று வைத்தால் 512 பீஸ். ஷிப்டுக்கு 600 ரூபாய் சம்பளம் வர வேண்டுமானால் பீஸுக்கு 1 ரூபாய் 17 பைசா.

இப்போது பக்கத்துக் கம்பெனிக்காரர் 5 பைசா கூட்டித் தருகிறார். 512 பீஸுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 ரூபாய். உங்கள் லைனில் கட்டிங் வரவில்லை, நூல் ஷேடு பொருந்தவில்லை, மிஷின் ரிப்பேர் என்று அவர் தினமும் 40 நிமிடம் சும்மா உட்கார்ந்தால்? 42 பீஸ் போச்சு, ஏறத்தாழ 50 ரூபாய். பக்கத்துக் கம்பெனி கூட்டித் தருவதைப் போல இரண்டு மடங்கை நீங்கள் தினமும் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறீர்கள். ஆறு நாளில் 300 ரூபாய், அரை ஷிப்ட் சம்பளம். இதை எந்த டெய்லரும் பேப்பரில் கணக்குப் போட மாட்டார். ஆனால் சனிக்கிழமை கவரைப் பிரிக்கும்போது கைக்குத் தெரிந்துவிடும்.

அதனால் தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் நாளைய வேலையைப் பார்த்து வையுங்கள். கட்டிங்கில் இருந்து நாளை முற்பகல் முழுக்கத் தைக்கும் அளவுக்குப் பண்டல் வந்திருக்கிறதா? பண்டலில் சைஸ் சீட்டு சரியாக இருக்கிறதா? எம் சைஸ் உடம்புக்கு எல் சைஸ் கை கலந்து வந்தால் டெய்லர் அவிழ்த்துத் தேடிக்கொண்டிருப்பார், அந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. நூல், லேபிள், டேப் எல்லாம் ஷேடு பார்த்து ஒப்புதல் ஆகிவிட்டதா? ஊசி இருக்கிறதா? மெக்கானிக் எத்தனை மணிக்கு வருவார்? காலை எட்டரைக்கு லைன் ஓடும்போது இதையெல்லாம் தேடிப் போனால் தாமதம்தான்.

இத்தனை பார்த்தும் சில நாள் வேலை நிற்கும். துணி சாயப்பட்டறையில் இருந்து வராது, பையர் ஒப்புதல் தள்ளிப்போகும். அப்போது காலையிலேயே சொல்லிவிடுங்கள். வேறு லைனில் வேலை இருந்தால் அங்கே மாற்றி, அங்கே பழகும்வரை குறையும் வருமானத்தை ஷிப்ட் சம்பளமாக ஈடுகட்டுங்கள். காத்திருந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒரு விதி வைத்துவிட்டால், அதற்குப் பின் வேலையைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவர வேண்டிய அவசரம் ஆபீஸுக்கும் வந்துவிடும்.

ரேட்டை முதலிலேயே சொல்லுங்கள்

புது ஸ்டைல் லைனில் ஏறும் முன் ரேட் போர்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி, எத்தனை பைசா என்று தமிழில் எழுதுங்கள். வெளிமாநிலத்தவர் இருந்தால் இந்தியிலோ ஒடியாவிலோ அவர்களில் ஒருவரை வைத்து எழுதச் சொல்லுங்கள். நேரம் பார்க்கும்போது லைனிலேயே வேகமானவரை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். நடுத்தரமாகத் தைப்பவர் இருவரை வைத்து, முதல் இருபது பீஸை விட்டுவிட்டு, அதற்குப் பின் பாருங்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வருவது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. பீஸ் ரேட் என்பதால் அந்தச் சட்டம் விலகிக்கொள்ளாது.

அப்புறம் வரும் பெரிய தவறு ஒன்று உண்டு. நல்ல டெய்லர் நான்கு நாளில் கை பழகி 512-க்குப் பதில் 650 பீஸ் தைக்க ஆரம்பிப்பார். உடனே ஆபீஸில் ஒருவர், “இவ்வளவு வருதே, ரேட் அதிகமா போட்டுட்டோம் போல, குறைச்சிடலாம்” என்பார். விடாதீர்கள். ஸ்டைல் முடியும்வரை போட்ட ரேட் போட்டதுதான். வேகமாகத் தைத்தால் ரேட் குறையும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் லைன் முழுக்கப் பேசிவைத்ததுபோல 500-லேயே நின்றுவிடும். அதோடு, திறமைக்குத் தண்டனை கொடுக்கும் இடத்தில் திறமையானவர் ஏன் இருக்க வேண்டும்?

இன்னொரு தண்டனையும் நம் கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். மற்றவர்கள் தைத்துத் திரும்பிய ஆல்டர் பீஸை எல்லாம் நன்றாகத் தைப்பவரிடமே தள்ளுவோம். கஷ்டமான துணி, வழுக்கும் துணி வந்தால் அதுவும் அவருக்கே. அவரும் முகம் சுளிக்காமல் தைப்பார், வருமானம் மட்டும் குறையும். ஆல்டரைத் தைத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவரால் முடியாது, இவர்தான் செய்ய வேண்டும் என்றால் ஷிப்ட் சம்பளத்துக்கு மேல் ஏதாவது சேர்த்துக் கொடுத்து வாங்குங்கள்.

சனிக்கிழமை

சம்பளம் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில். பேங்க் வழியாகப் போட்டாலும் சரி, கவரில் கொடுத்தாலும் சரி, கூடவே சீட்டு இருக்க வேண்டும். எந்த நாளில் எத்தனை பீஸ், என்ன ரேட், எவ்வளவு பிடித்தம் என்று அதில் தெரிய வேண்டும். வாரச் சம்பளத்தில்தான் மளிகைக் கடை பாக்கியும் மகளிர் குழுத் தவணையும் அடைகின்றன. ‘திங்கட்கிழமை பார்த்துக்கலாம்’ என்று நீங்கள் சொல்லும்போது அங்கே ஒரு வீட்டில் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கணக்கில் வித்தியாசம் என்று யாராவது வந்தால் நின்று கேளுங்கள், நோட்டை எடுத்துக் காட்டுங்கள், நம் பக்கம் தவறு என்றால் அன்றே சரிசெய்யுங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கூலிக்கணக்கு லேசான விஷயம் இல்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசித்தான் கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தை வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பற்றி: “பிடிக்காதீங்க சார், கையில கொடுத்துடுங்க” என்று சிலர் கேட்பார்கள். சரி என்று விட்டுவிடுவது அவருக்கும் நல்லதில்லை, சட்டப்படியும் சரியில்லை. உட்கார்ந்து விளக்குங்கள். பிஎஃப்பில் அவர் பங்கு 12 சதவீதம், கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது. பத்து வருடம் சேர்ந்தால் பென்ஷனுக்குத் தகுதி வரும். வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஈஎஸ்ஐக்கு அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். வீட்டில் ஒரு ஆபரேஷன் வந்தால் அந்தக் கார்டின் மதிப்பு தெரியும். வாய்ச் சொல்லாக விடாமல், மதிய இடைவேளையில் அவருடைய போனிலேயே உமாங் ஆப்பைத் திறந்து பாஸ்புக்கைக் காட்டுங்கள். பிடித்த பணம் தன் பெயரில் இருப்பதைப் பார்த்தவர் அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

பேசும் விதம்

லைனுக்கு நடுவில் யாரையும் திட்டாதீர்கள். பீஸைத் தூக்கி மேஜையில் எறிவது, நாலு பேர் பார்க்க ‘கண்ணு தெரியலையா’ என்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். வயதில் மூத்தவரை அக்கா, அண்ணா என்றே கூப்பிடுங்கள். நீங்கள் சூப்பர்வைசர் ஆகிவிட்டதால் அவர் உங்களைவிடச் சின்னவர் ஆகிவிடவில்லை.

உற்பத்தி குறைந்தால் எப்படிக் கேட்பது? மிஷின் பக்கத்தில் குனிந்து, மற்றவர் காதில் விழாமல்:

“என்னக்கா, ரெண்டு நாளா பீஸ் குறையுதுங்களே. மிஷின்ல ஏதாச்சும் தொந்தரவுங்களா?”

“மிஷின் நல்லாத்தான் இருக்குதுங்க சார். பையனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். ராத்திரி தூக்கமே இல்லீங்க.”

“அட, காலையிலயே சொல்லியிருக்கலாமுல்ல. மத்தியானம் கிளம்புங்க, நான் பார்த்துக்கறேன். ஈஎஸ்ஐ கார்டு கையில இருக்குதுங்களா?”

இவ்வளவுதான். அரை ஷிப்ட் உற்பத்தி குறையும், குறையட்டும். மிஷினைக் கேட்ட பிறகுதான் மனிதரைக் கேட்டீர்கள் என்பதையும் கவனியுங்கள். குற்றம் சாட்டுவதுபோல ஆரம்பித்திருந்தால் பையனின் காய்ச்சல் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பெண்கள் வேலை செய்யும் இடத்தில் இரட்டை அர்த்தத்தில் பேசும், கை வைத்துப் பேசும் ஆள் யாராக இருந்தாலும், எவ்வளவு உற்பத்தி எடுத்துக் கொடுப்பவராக இருந்தாலும், ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பத்துப் பேர் இருந்தாலே 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள், எப்படிப் புகார் சொல்வது என்று பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆடிட்டுக்காகச் சுவரில் ஒட்டிய பேப்பர் போதாது. பெண்கள் காரணம் சொல்லாமல் நின்றுவிடும் லைனில் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

டாய்லெட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டோக்கன் போட்டு, நேரம் பார்த்து அனுப்பும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அதற்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து லீவு போடுவதும் அவர்கள்தான். சுத்தமான டாய்லெட், ஓடும் தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாள். தண்ணீரும் தாழ்ப்பாளும் சரியாக இருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை ஒரு பெண் ஊழியரைப் பார்த்துவரச் சொல்லி, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

ஓவர்டைம்

ஷிப்மென்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடாமல் இருக்காது. அதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொன்னால் குழந்தையை யார் அழைத்து வருவது, கடைசி பஸ் போய்விடுமே என்று தைப்பவரின் மனம் துணியில் இருக்காது. முடியாது என்பவரை விட்டுவிடுங்கள், அதற்காக அடுத்த நாள் மோசமான வேலையைக் கொடுக்காதீர்கள். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. வேன் ஏற்பாடு செய்தால் வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும்வரை கம்பெனியின் பொறுப்பு.

லீவும் ஊருக்குப் போவதும்

தீபாவளி, பொங்கல், ஆடி நோன்பி, ஊர் மாரியம்மன் பொங்கல் என்று உள்ளூர்க்காரர்களின் நாட்கள் உங்களுக்கே தெரியும். வெளிமாநிலத்தவர் நாட்களையும் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒடிசாக்காரர்களுக்கு ஜூனில் ரஜ பண்டிகை, அதை ஒட்டித் தேர்த் திருவிழா. பீகார், ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்களுக்குச் சட் பூஜை பெரிது. அது தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போன பீகார்க்காரரை மூன்றாம் நாளே வா என்றால் எப்படி வருவார்?

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஆகவே லீவு உண்டா இல்லையா என்பதை அதற்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தன்பாத் எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டு போனவருக்குத் திரும்பி வர மனம் வருமா? ஆபீஸில் ஒருவரை உட்கார வைத்துப் போக வர இரண்டுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருப்பவர் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அதற்காக ஆதார் கார்டையோ சம்பளத்தையோ பிடித்து வைப்பது வேறு விஷயம், அது குற்றம். அட்வான்ஸ் கொடுத்து, அதைக் கழிக்கும்வரை போகக் கூடாது என்று கட்டிவைப்பதும் அப்படித்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

போனஸ் முடிந்ததும் போகிறவர்கள்

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள் என்ற புலம்பல் வருடா வருடம் கேட்கும். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அது அவர் உழைத்து வாங்குவது, நாம் கொடுக்கும் இனாம் இல்லை. போனஸுக்குப் பின் போகிறவர் ஆடி, ஆவணியிலேயே முடிவு செய்திருப்பார். ஆகவே ஆடியில் உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் போதும். “இங்க உங்களுக்கு எது கஷ்டமா இருக்குது? அடுத்த வருஷம் என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?” கேட்டதில் உங்களால் முடிந்த ஒன்றையாவது பத்து நாளில் செய்துவிடுங்கள். செய்ய முடியாததை முடியாது என்று சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மேலே வர ஒரு வழி

பிசிறு வெட்டும் ஹெல்பருக்கு டெய்லர் ஆகும் ஆசை இருக்கும். இரண்டு பழைய மிஷின்களை ஓரமாகப் போட்டு, வேஸ்ட் துணியில் தினமும் அரை மணி நேரம் ஓட்டிப் பழக விடுங்கள், அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளத்தோடு. சொல்லிக்கொடுக்கும் டெய்லருக்கும் அந்த நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். ஓவர்லாக் மட்டும் தெரிந்தவருக்குப் பேட்லாக்கும் தெரிந்தால் ஷிப்ட் சம்பளத்தில் ஒரு படி உயர்வு என்று எழுதி வையுங்கள்.

சூப்பர்வைசர் பதவியை மட்டும் யோசித்துக் கொடுங்கள். நன்றாகத் தைப்பவருக்கு ஆட்களை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு விருப்பமும் இருக்காது, பீஸ் ரேட்டில் சூப்பர்வைசரைவிட அதிகமாகச் சம்பாதிப்பார்கள். அவர்களைக் கேட்டு, தையலிலேயே சாம்பிள் டெய்லராக உயர வழி செய்யுங்கள். விருப்பமுள்ள பெண்களை விட்டுவிடாதீர்கள். தைப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் லைனுக்கும் ஆண்களையே தேடிப் போடும் பழக்கம் மாற வேண்டும்.

போகிறேன் என்றால்

காரணத்தைக் கேளுங்கள், கெஞ்சவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அந்த நிமிடம் மட்டும் ரேட்டைக் கூட்டிப் பிடித்து வைத்தால், அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் அதே வழியில் வருவார்கள். கணக்கைச் சுத்தமாக முடியுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கூலி பாக்கியைக் கொடுக்க வேண்டும். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில்.

பிஎஃப் தளத்தில் அவர் விலகிய தேதியைப் பதிவு செய்வதை மறக்காதீர்கள். சின்ன வேலைதான், ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் விட்டால் அவர் தன் பணத்தை எடுக்க அலைந்துகொண்டிருப்பார், உங்கள் கம்பெனியைப் பற்றிப் போகும் இடமெல்லாம் அதைத்தான் சொல்வார். அவருடைய போன் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒருமுறை பேசுங்கள். அங்கே சரிப்படவில்லை என்று திரும்பி வந்தால் பழைய லைனிலேயே, இன்றைய ரேட்டுக்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் போனாய் என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம்.